புல்லுச் சதுப்புல தவளைக்கா பஞ்சம்?

வாடா பேராண்டி, உட்காரு. பதினெட்டு முடிஞ்சிருச்சாமே? எங்க காலத்துல இருபத்தொண்ணு ஆனாலும் நாமளா போய்ப் பதிஞ்சாத்தான் வோட்டு. 2021 டிசம்பர்லருந்து பேரு தானா ஏறிக்குது. இனிமே உன்னையும் "தம்பி, பசியாறியாச்சா?"ன்னு கேக்க ஆள் வருவாங்க. அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம்தான் கேப்பாங்க, பசிக்கலன்னு சொல்லித் தொலைச்சிறாத.

மொதல்ல நம்ம பாயா ரும்புட் ஊரு பேரப் புரிஞ்சுக்க. பாயான்னா சதுப்பு, ரும்புட்னா புல்லு. புல்லும் தண்ணியும் கெடக்குற எடத்துல என்ன குதிக்கும்? அதேதான். அப்புறம் எதுக்குடா கட்சி தாவுற ஒய்பிமாரப் பார்த்துக் கோவப்படுற?

2018ல நான் கண் சின்னத்துக்குப் போட்டேன். அப்ப பக்காத்தான்காரங்க எல்லாருக்கும் கண்ணுதான். பெர்சத்து ரபீக் நைசாமொஹிதீன் நம்ம ஒய்பியா ஆனாரு. மலாக்காவுல 28 எடத்துல 15 கெடைச்சு ஆட்சியும் மாறுச்சு. ஊரே பட்டாசு. 2020 மார்ச்சுல பார்த்தா கண்ணுக்குப் போட்ட வோட்டு கண்ணு முன்னாலயே காணாமப் போச்சு! பெர்சத்து கூட்டணிய விட்டுக் கெளம்பிருச்சு. ஆனா தாவினாருன்னு அவரச் சொல்லக் கூடாது, பாவம். அவரு உட்கார்ந்திருந்த கட்டையே மெதந்து அக்கரைக்குப் போயிருச்சு.

அடுத்த வருசம் அக்டோபர்ல நாலு ஒய்பிங்க முதலமைச்சருக்கு ஆதரவு இல்லன்னாங்க, சட்டமன்றம் கலைஞ்சுது. நாலுல ரெண்டு பேரு நம்ம அண்டை வீடு, சுங்கை ஊடாங்கும் பந்தாய் குண்டோரும். சுங்கை ஊடாங்காரரு யாரு? முன்னாள் முதலமைச்சர் இட்ரிஸ் ஹரோன். ஆயுசு பூரா அம்னோ, அடுத்து வந்த தேர்தல்ல பக்காத்தான் ஆளா ஆசஹான்ல நின்னு தோத்தாரு. சதுப்பு நம்ம எல்லையோட நிக்கலடா.

நவம்பர் 20 வோட்டு. கோவிட்னு கூட்டம் போட விடல. என் ஆயுசுல ஒரு பிளேட்டு மீகூன் கூடத் திங்காமப் போட்ட எலெக்சன் அது ஒண்ணுதான், அந்த வருத்தம் இன்னும் இருக்கு. பாரிசானோட தராசு 28க்கு 21 அள்ளுச்சு. நம்ம தொகுதியும் அம்னோ ரைஸ் யாசினுக்குப் போச்சு. "இனிமே நம்மள அசைக்க முடியாது"ன்னு கோப்பிக்கடையில ஒருத்தன் மேசையத் தட்டினான். சரியா ஒரு வருசம்! 2022 நவம்பர் 19ல நாடாளுமன்றத் தேர்தல், மலாக்காவுல ஆறு எடம், தராசுக்கு முட்டை. நம்ம தங்கா பத்து பாஸ் கட்சிக்குப் போச்சு. அதே ஊரு, அதே வோட்டுப் பெட்டி. அப்புறம் வெட்டுக்குத்துன்னு நின்ன தராசும் பக்காத்தானும் கோலாலம்பூர்ல ஒரே பந்தியில உட்கார்ந்துச்சு. இவங்களுக்காக நீ உன் கூட்டாளிகிட்டப் பேசாம இருக்கியாமே? அவன் மோட்டார்லதானடா வேலைக்குப் போற?

நம்மள வழிக்குக் கொண்டாற அவங்களுக்கு ஒரே தமிழ் வார்த்தைதான் தெரியும். பிரதமரா இருந்தப்ப நஜிப் மேடைக்கு மேடை "நம்பிக்கை"ன்னாரு. அவரத் தோக்கடிச்சவங்க கூட்டணிக்குத் தமிழ்ல பேரே நம்பிக்கைக் கூட்டணி. நாம எத்தனை நம்பிக்கைதான் வச்சிருக்கோம், ஆளுக்கு ஒண்ணு குடுக்க? மலாய்க்காரங்க நெறைஞ்ச தொகுதியில நம்ம வோட்டு ரசத்துப் பெருங்காயம். எந்தச் சட்டியில விழப்போகுதுன்னு தெரியாத வரைக்கும்தான் அதுக்கு வெல. விழுந்துட்டா மோந்து பாக்கக் கூட ஆள் வரமாட்டான்.

அதனால வர்றவன்கிட்ட எல்லாம் தலையாட்டு. டீசட்டை குடுத்தா வாங்கிக்க, மோட்டார் தொடைக்க ஆகும். ஆனா பேஸ்புக்ல கொடி புடிக்காத. வோட்டு ரகசியம்னு நெனைக்கிற இல்ல? பாதி ரகசியம்தான். சாவடியில சாலுரான், அதான் வோட்டுப் போடுற வரிசை, பிரிக்கிறது வயசு வச்சு. ஒண்ணாம் சாலுரான்ல எங்கள மாதிரிக் கெழடுங்க, கடைசி சாலுரான்ல உங்கள மாதிரிப் பொடுசுங்க. எண்ணுறதும் சாலுரான் சாலுரானாத்தான். எந்த வயசுக்காரன் கைய விட்டான்னு கட்சிக்காரன் அன்னிக்கு ராத்திரியே விரல் விட்டு எண்ணிருவான். அடுத்த எலெக்சன்ல பெருசுங்களுக்குச் சக்கர நாற்காலியா, பொடுசுங்களுக்குப் புட்சால் பந்தான்னு அதப் பார்த்துதான் கணக்குப் போடுவான். எங்க சாலுரானக் கெடுத்துறாதீங்கடா, எனக்கு முட்டி வலி வேற.

வாயக் கட்டுற வித்தைய உங்க பாட்டிகிட்டக் கத்துக்க. கல்யாணம் பண்ணி ஐம்பது வருசம், யாருக்குப் போடுறான்னு எனக்கே தெரியாது. நான் கேட்டா மை வச்ச விரல நீட்டிக் காட்டுவா, அவ்வளவுதான். 2022 முடிவு வந்த மறுநாள் என் தட்டுல ஒரு மீன் துண்டு கூட வச்சா. நான் தோத்ததுக்கு ஆறுதலா, அவ ஜெயிச்ச சந்தோசமான்னு இன்னி வரைக்கும் வெளங்கல.