தோத்துட்டோம்

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட், நான்காம் நாள். இலக்கு 271. முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136-ல் அவுட்டானபோது இன்னும் 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் மூன்றும் போயின.

கேலரியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கிளம்பியது. அப்பா எழுந்தார், நானும் எழுந்தேன். வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வர, மொத்தக் கூட்டமும் நின்று கைதட்டியது. பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் வரும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. வாசலில் அம்மா கேட்டதும் ஒரே சொல்: “தோத்துட்டோம்.”

தமிழில் வினையின் கடைசி அசையிலேயே ஆள் தெரிந்துவிடும். யார் தோற்றது என்று அம்மா கேட்கத் தேவையிருக்கவில்லை.

2023 மே 30, நள்ளிரவு தாண்டி அகமதாபாத்தில் ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தார். சிஎஸ்கேவுக்கு ஐந்தாவது ஐபிஎல் கோப்பை. “ஜெயிச்சுட்டோம்பா!” என்று மகன் தெருவுக்கே கேட்கக் கத்தினான். மஞ்சள் ஜெர்சியை மூன்று நாள் கழற்றவில்லை. 2025 மார்ச்சில் பெங்களூரு அணி, 2008-க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. “சொதப்பிட்டாங்கப்பா” என்றான். ஜெர்சி பீரோவின் அடித்தட்டுக்குப் போயிற்று.

உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஜெர்சியே இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஜெயித்தால், திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடையை அதிகம் அணிந்து வந்தார்கள். வெற்றியைச் சொல்லும்போது ‘நாங்கள்’ அதிகம் வந்தது; தோல்வியைச் சொல்லும்போது அது குறைந்தது.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவன் வயது அப்படி. அடிபட்ட இடத்தை மனசு தானே மூடிக்கொள்கிறது. ஆனாலும் சேப்பாக்கத்தின் அந்தக் கைதட்டலை அவனுக்குக் கொடுக்க முடியாதது உறுத்துகிறது. தோல்வியைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டவர்களால்தான் அன்று எதிரணிக்கு எழுந்து நிற்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

2025 சீசனில் சிஎஸ்கேவுக்குக் கடைசி இடம்தான். என்றாலும் கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் ஜெயித்தோம். சாயங்காலம் உள்ளறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.