கொலோன்ல விசிலு, பாலக்கோட்டுல சண்ட

வாடா பேராண்டி, இப்பிடி திண்ணையில குந்து. கண்ணு ரெண்டும் ஏன் செவந்து கெடக்குது? ராத்திரி பூரா தூங்கலியா? கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போனியா? மாடு கன்னு போட்டுச்சா? ஒண்ணும் இல்ல. ஜெர்மனியில எவனோ விசிலு ஊதல, அதுக்காக நீ பாலக்கோட்டுல முழிச்சிக்கினு கெடந்த. நல்லாருக்குடா நாயம்!

வாரம் பூரா ஒசூர்லயும் பெங்களூர்லயும் ஷிஃப்டு பாக்குறீங்க. சனிக்கெழமன்னா பஸ்ஸுலயும் ரயிலுலயும் வந்து எறங்குறீங்க. தின்ன கையி காயறதுக்குள்ள டீக்கட பெஞ்சில பஞ்சாயத்து. ஜெர்மன் கால்பந்து லீக்கு ஆட்டம் தொடங்குறது அங்க மத்தியானம் மூன்ற, இங்க ராத்திரி ஏழோ எட்டோ. ஆட்டம் தொண்ணூறு நிமிஷம், உங்க வாயி நடுராத்திரி வரைக்கும். ஒருத்தன் ஆஃப்சைடுங்கிறான். ஒருத்தன் ஹேண்ட்பால்ங்கிறான். இன்னொருத்தன் இருக்கானே, மோட்டார் ரூமு கதவுக்குக் கீலு மாட்டத் துப்பில்ல, அவன் பேயர்ன் மியூனிக் கோச்சுக்கு டேக்டிக்ஸ் தெரியலங்கிறான். டீக்கடக்காரருக்கு மட்டும் கொண்டாட்டம். இன்னும் நாலு பெனால்டி குடுக்காம வுட்டா அவரு மாடி வீடு கட்டிடுவாரு.

நடுவருங்க தப்பே பண்றதில்லன்னு நான் சொல்லலடா. உங்க வாயில எப்பவும் கெடக்குற அந்த ஆட்டத்தையே எடுத்துக்க. 2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கெழம ராத்திரி. போக்கம் ஊர்ல டார்ட்மண்ட் ஆடுது. டார்ட்மண்டோட அடெயெமிங்கிற பையன பெனால்டி கட்டத்துக்குள்ள சாச்சிட்டாங்க. நடுவர் ஸ்டேகமன் ஊதல. வீடியோ பாக்குற நடுவரும் அவர டிவி பக்கம் கூப்புடல. ஆட்டம் 1-1ன்னு முடிஞ்சுது. அடுத்த ஓரிரு நாள்லயே அந்த மனுஷன் தன் தப்ப வெளிப்படையா ஒத்துக்கிட்டாரு. பட்டா மாத்துறதுல தப்பு வந்துச்சுன்னு எந்த ஆபீசுலயாவது ஒருத்தர் அப்பிடி ஒத்துக்கினு பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. சரி, ஒத்துக்கிட்டவருக்கு என்னா கெடச்சுது? மாலையா? கொன்னுடுவோம்னு மெரட்டல். வீட்டாளுங்களுக்கும் சேத்து. அப்புறம் போலீசு காவல். படிச்ச ஊரு, கண்ணு, கார் செய்யிற ஊரு!

அந்த ஒரு பெனால்டியிலதான் டார்ட்மண்ட் கைய விட்டு லீக்கு கப்பு போச்சுன்னு நீ மூக்கச் சிந்துற. இரு, முழுசாக் கேளு. மே 27, கடைசி நாளு. டார்ட்மண்ட் ஜெயிச்சாப் போதும், கப்பு அவங்களுக்கு. சொந்த மைதானம், எதிர்ல மைன்ஸ். அன்னிக்குப் பெனால்டி கெடச்சுதா இல்லியா? கெடச்சுது! நடுவர் நல்லாவே ஊதினாரு. ஹாலர் அடிச்சாரு, கீப்பர் தடுத்துட்டாரு. ஆட்டம் 2-2. அதே நேரத்துல கொலோன்ல 89ஆவது நிமிஷம் பேயர்ன் மியூனிக் முசியாலா ஒரு கோலு போட்டாரு. ரெண்டு அணிக்கும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்துல கப்பு பேயர்ன் மியூனிக்குக்கு. குடுக்காத பெனால்டியப் பத்தி இன்னும் பேசுற. குடுத்த பெனால்டிய வீணாக்குனதப் பத்தி ஒரு வாட்டியாவது பேசினியாடா? பேசமாட்ட. அதப் பேசினா யாரத் திட்றது?

மிசினு வெச்சா சண்ட தீந்துடும்னாங்க. வெச்சும் பாத்தாங்க. முந்தியெல்லாம் அங்க கூத்து வேற மாதிரி. 1994-ல பேயர்ன் மியூனிக் ஆட்டத்துல ஹெல்மர் தட்டின பந்து கம்பத்துக்கு வெளிய போச்சு. கோலுன்னு குடுத்துட்டாங்க. நூர்ன்பெர்க்காரன் சங்கத்துல முறையிட்டான், மறு ஆட்டம் வாங்குனான். மொத ஆட்டத்துல 2-1ன்னு தோத்தவன் மறு ஆட்டத்துல 5-0ன்னு தோத்தான். நாயம் கெடச்சுது பாத்தியா? அந்த வருஷமே கீழ் டிவிஷனுக்கும் எறங்கிட்டான். 2013-ல இன்னும் அழகு. லெவர்குசன் கீஸ்லிங் தலையால முட்டுன பந்து பக்கவாட்டு வலையில இருந்த ஓட்ட வழியா உள்ள பூந்துடுச்சு. அதுவும் கோலு! இந்த வாட்டி மறு ஆட்டமும் இல்லன்னுட்டாங்க. அம்மாங் கோடி பொழங்குற எடத்துல ஒரு மொழம் நூலு எடுத்து வல பின்ன ஆள் இல்ல.

அதுக்கப்புறம் 2015-ல கோல் கோட்டுக்கு மிசினு வந்துச்சு. 2017-ல வீடியோ நடுவர் வந்துட்டாரு. கொலோன்ல ஒரு ரூமு, ரூமு பூரா டிவி. அங்க குந்திக்கினு ஆள் சொல்லுவாங்க, இங்க மைதானத்துல நடுவர் காதுல கைய வெச்சுக்கினு நிப்பாரு. சரி, சண்ட தீந்துச்சா? 2018 ஏப்ரல்ல மைன்ஸ் ஊர்ல நடந்தத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு வலிக்குது. பாதி ஆட்டம் முடிஞ்சு விசிலு ஊதியாச்சு. ஃப்ரைபர்க் ஆளுங்க உள்ள போயிட்டாங்க, தண்ணி குடிக்கறாங்க. காதுல கொலோன் கூப்புடுது: பெனால்டிய்யா! போனவங்கள எல்லாம் திரும்ப வெளிய இட்டுக்கினு வந்து பெனால்டி அடிச்சாங்க. கோலும் ஆச்சு. அடிச்சுட்டு திரும்பவும் உள்ள போனாங்க. ரெண்டாவது பாதி ஆரம்பிக்கலாம்னு வந்தா, திங்கக்கெழம ஏண்டா ஆட்டம் வெக்கிறீங்கன்னு ஜனங்க கக்கூசு காகிதத்த உருட்டி உருட்டி மைதானத்துல வீசிட்டாங்க. அதப் பொறுக்கி முடிக்கிற வரைக்கும் ஆட்டம் நின்னுச்சு. இதத்தான் நீ ஒலகத்தரம், ஒலகத்தரம்னு எனக்குக் காட்டுற.

மிசினு தப்பக் கொறச்சிருக்கு, நான் இல்லங்கல. பந்து கோட்டத் தாண்டுச்சா இல்லியான்னு இப்ப எவனும் அடிச்சுக்கறதில்ல. ஆனா இடிச்சது பலமா மெதுவா, கையி பந்துகிட்டப் போச்சா பந்து கையிகிட்ட வந்துச்சா, இதெல்லாம் ஆளு பாத்து முடிவு பண்றது. பத்து கேமரா வெச்சா பத்து விதமாத் தெரியும். முன்னாடி ஒரு நடுவரத் திட்டுன. இப்ப கொலோன்ல குந்தியிருக்குறவரையும் சேத்துத் திட்டுற. வேல ரெட்டிப்பு, கூலி அதேதான்.

ஜெர்மனிய வுடுடா. இதோ ரயிலேறினா போயிடலாம் பெங்களூருக்கு. அங்க கண்டீரவா மைதானத்துல நடந்த கூத்து மறந்துடுச்சா? 2023 மார்ச் 3. ஐஎஸ்எல் பிளேஆஃப். பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும். தொண்ணூறு நிமிஷத்துல கோலே இல்ல. கூடுதல் நேரம். சுனில் சேத்ரிக்கு ஃப்ரீ கிக். கேரளாக்காரங்க சுவர் கட்டி நிக்கிறதுக்கு இடம் பாத்துக்கினு இருக்காங்க. கீப்பர் அத சரி பண்ணிக்கினு இருக்காரு. சேத்ரி பாத்தாரு, சத்தம் போடாம பந்த உள்ள தள்ளிட்டாரு. நடுவர் கிறிஸ்டல் ஜான் கோலுன்னுட்டாரு.

அதுல தப்பு என்னா? ஃப்ரீ கிக் வாங்குனவன் ஒடனே அடிக்கலாம், விசிலுக்குக் காத்திருக்கணும்னு விதி இல்ல. நடுவர் ஆட்டத்தப் புடிச்சு நிறுத்தி, சுவர 9.15 மீட்டர் தள்ளி நிறுத்த ஆரம்பிச்சுட்டாருன்னா, அப்ப விசிலு கேக்குற வரைக்கும் பொறுக்கணும். ரெண்டுல எது நடந்துச்சுங்கிறதுதான் வழக்கு. கேரளாக்காரங்க ஒரு விதமாச் சொன்னாங்க, நடுவர் ஒரு விதமாச் சொன்னாரு. கால்பந்து சம்மேளனம் நடுவர் பக்கம் நின்னுடுச்சு. என்னக் கேட்டா, கையில வேலைய வெச்சுக்கினு திரும்பி நின்னு பேசறவன் பந்த உடத்தான் செய்வான்.

அப்ப கேரளா கோச்சு வுக்கோமனோவிச்சு. அந்த ஊர் பசங்க அவர ஆசான்னு கூப்புடுவாங்க. கையக் காட்டுனாரு, அத்தன பேரும் வெளிய வந்துட்டாங்க. இருவது நிமிஷம் பாத்தாங்க, வரல. பெங்களூரு ஜெயிச்சுடுச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. அந்த மாசக் கடைசியில தீர்ப்பு: கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு பத்து ஆட்டம் தடை, 5 லட்சம் அபராதம், மன்னிப்பு வேற கேக்கணும். கோலு உழுந்தது 96ஆவது நிமிஷம் பக்கம். ஆட்டம் 120 நிமிஷம். மீதிய ஆடியிருந்தா ஒரு கோலு போட நேரம் கெடந்துதா இல்லியா? ரோசம் 4 கோடி வெல, கண்ணு. அதுவும் அவரு காசு இல்ல.

இதுக்கு மேலதான் எனக்கு சிரிப்பு. அன்னிக்கு பெங்களூரு பக்கம் என்னா பேச்சு? "விதிய படிச்சுட்டு வாங்கடா, நடுவர் சொன்னா சொன்னதுதான்." டீக்கடையில நீயும் அதேதான் சொன்ன, காதால கேட்டேன். சரியா பதினஞ்சு நாளு. மார்ச் 18, கோவாவுல பைனலு. பெங்களூருக்கு எதிர்ல ஏடிகே மோகன் பகான். 2-2. ஆட்டத்துக்குள்ளயே மூணு பெனால்டி. அப்புறம் ஷூட்அவுட்டுல பெங்களூரு தோத்துடுச்சு. ஒடனே பெங்களூரு ஓனர் பார்த் ஜிண்டால், நடுவர் முடிவெல்லாம் ஆட்டத்தக் கெடுக்குது, வீடியோ நடுவர் வேணும்னுட்டாரு. நீயும் டீக்கடையில நடுவர் ஒழிகன்னுட்ட! மார்ச் 3-ல தெய்வமா இருந்தவரு மார்ச் 18-ல திருடனாயிட்டாரு. விதி மாறிச்சா? தோத்தவன் போட்டிருந்த சட்ட மாறிச்சு, அவ்ளோதான். உனக்கு நாயம் வேணும்னா சொல்லு, வாங்கித் தரலாம். உனக்கு வேண்டியது ஜெயிப்பு. அதுக்கு எந்த மிசினு இருக்கு?

கோச்சு கத அத விடக் கேவலம். அதே 2023 மார்ச்சுல பேயர்ன் மியூனிக் நாகெல்ஸ்மன வேலைய விட்டுத் தூக்குச்சு. பட்டியல்ல ஒரே ஒரு புள்ளிதான் பின்னாடி. ரெண்டு கோப்பையில இன்னும் உசுரோட இருக்காங்க. அந்த மனுஷன் பனிமலையில சறுக்கி வெளையாடப் போயிருக்காரு, இங்க சீட்டு கிழிஞ்சுடுச்சு. டுகல் வந்தாரு. வந்த கையோட ஜெர்மன் கோப்பையில சொந்த ஊர்லயே ஃப்ரைபர்க்குகிட்ட தோத்தாங்க. ஃப்ரைபர்க் கோச்சு யாரு? ஸ்ட்ரைக். 2011 கடைசியில வந்து குந்துனவரு. 2015-ல அணி கீழ் டிவிஷனுக்கே போச்சு, அப்பவும் அவர எவனும் எழுப்பல. அடுத்த வருஷமே மேல ஏத்திக்கினு வந்துட்டாரு. 2024 வரைக்கும் அவருதான். பேயர்ன் மியூனிக் என்னா பண்ணுச்சு? கப்பு ஜெயிச்ச அதே நாள்ல, கோச்ச மாத்துன கான், சலிஹமிட்ஜிச்சு ரெண்டு பெரிய தலைங்களையும் சேத்து அனுப்பிச்சுட்டாங்க. பாயாசம் ஆறல, எலைய எடுத்துட்டாங்க.

நம்ம சென்னையின் எஃப்சி மட்டும் என்னா? மட்டெராட்ஸி 2015-ல கப்பு குடுத்தாரு, கிரகரி 2018-ல பெங்களூரையே பெங்களூர்ல வெச்சு 3-2ன்னு சாச்சாரு. அதுக்கப்புறம் ஆளு மாத்தி ஆளு. 2022-ல ஜெர்மன்காரரே வந்தாரு, பிர்டாரிச்சு. ஜெர்மன் லீக்கான புண்டெஸ்லிகாவுல ஆடுன கையி, மன்னிச்சுக்க, ஆடுன காலு. ஒரு சீசன், அணி எட்டாவது எடம், பொட்டியக் கட்டிட்டாரு. இதுல ஒரு உண்மையும் சொல்லணும். 2019 கடைசியில கிரகரி போயி ஓவன் காயில் வந்தப்ப, அடியில கெடந்த அணி பைனல் வரைக்கும் போச்சு. ஆக, மாத்துனா நடக்கவும் நடக்கும். நடக்காமயும் போவும். எப்ப நடக்கும்னு தெரிஞ்சவன் டீக்கடையில குந்தியிருக்க மாட்டான்.

ஒண்ணு மட்டும் ஜெர்மன்காரன்கிட்ட எனக்குப் புடிக்கும். அங்க ரெண்டொரு கிளப்பு தவிர மத்ததுல எல்லாம் மெம்பருங்க சங்கத்துக்குத்தான் பாதிக்கு மேல ஓட்டு. நம்ம பாலக்கோடு கூட்டுறவு சர்க்கர ஆலையில கரும்பு போடறவன் மெம்பரா இருக்குற மாதிரி. பணக்காரன் வந்து மொத்தமா வாங்கிட முடியாது. 2024 தொடக்கத்துல லீக்கு வெளி முதலீட்டாளரக் கொண்டாரப் பாத்துச்சு. ஜனங்க என்னா பண்ணாங்க? மைதானத்துல டென்னிஸ் பந்தக் கொட்டுனாங்க. சாக்லெட்டு காசு வீசுனாங்க. ரிமோட்டு பொம்ம காரு வுட்டாங்க. ஆட்டம் நின்னு நின்னு நடந்துச்சு. பிப்ரவரியில லீக்கு அந்தத் திட்டத்தையே கைவுட்டுடுச்சு. அவன் கத்துறான்னா, அவனுக்கு அங்க ஓட்டு இருக்கு. உனக்கு அங்க என்னா இருக்கு? போன் ரீசார்ஜு.

மூஞ்சத் தூக்கிக்காத. பாக்காதன்னு நான் சொன்னேனா? பாரு, கத்து, கையத் தட்டு. நானும் எட்டிப் பாக்கத்தான் செய்றேன், அந்த முசியாலா பையன் காலு நல்ல காலு. நடுவரு சட்டையப் புடிக்கிறதுதான் வேணாங்கிறேன்.

உனக்கு அத்தன விதியும் மனப்பாடம்ல? நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம நம்ம பசங்களுக்கும் மாரண்டஹள்ளி பசங்களுக்கும் கபடி. ஊதறதுக்கு ஆளு கெடைக்காம அலஞ்சாங்க, நான் உன் பேரக் குடுத்துட்டேன். விசிலு என் டிரங்குப் பொட்டியில கெடக்குது, சாயங்காலம் வந்து வாங்கிக்க. வண்டியில வராத கண்ணு, நடந்தே வா. போன வாட்டி ஊதுனவன் பைக்குல ரெண்டு டயர்லயும் காத்து இல்ல.