இலவசமாக மாட்டித் தருகிறோம்

"இன்ஸ்டலேஷன் முற்றிலும் இலவசம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதன் ஓரத்தில் எறும்பளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஏசியின் நெற்றியில் ஒட்டிய ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து மயங்கிய கண்ணுக்கு இந்த ஆறாவது நட்சத்திரம் தெரியாது. அந்த ஐந்தும் மின்சாரச் செலவை மிச்சப்படுத்துபவை. மிச்சப்பட்டதை முன்கூட்டியே வசூல் செய்துகொள்வது ஆறாவது.

புது அடுக்குமாடிக்காரருக்கு இதனால் பெரிய சேதாரம் இல்லை. பில்டரே சுவரில் குழாய் புதைத்து, வெளி யூனிட் உட்காரத் திண்டும் கட்டியிருப்பார். அதற்கான பணத்தைச் சதுர அடிக் கணக்கில் அப்போதே உருவியிருப்பார் என்பது தனிக் கதை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ராயப்பேட்டைச் சந்துகளிலும் தாத்தா கட்டிய வீட்டில், அல்லது யாரோ ஒருவருடைய தாத்தா கட்டிய வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான் அந்தக் குறியின் முழு அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் பெற்றவர்கள்.

மாட்ட வந்த பையன் சுவரைத் தட்டிப் பார்க்கிறான். டாக்டர் முகத்தை வைத்துக்கொள்கிறான்.

"மூணு மீட்டர் காப்பர்தான் ஃப்ரீ சார். உங்களுக்கு ஏழு, எட்டு மீட்டர் போகும். செவுரே ஒன்றரை அடி இருக்கே."

மிச்சக் குழாய் மீட்டருக்கு 800, 1,000 என்று ஆளைப் பார்த்து ஏறும். வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட் தனி. ஓட்டை போடத் தனி. தண்ணீர் வடியக் குழாய் தனி. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெரு என்பதால் ஸ்டெபிலைசர் தனி. துளைபோடும் இயந்திரம் சுண்ணாம்புச் சுவரில் இறங்கியதும் காரை பொலபொலவென்று கொட்டுகிறது. மூன்று அங்குல ஓட்டை கேட்டவருக்குப் பூனை நுழையும் சந்து கிடைக்கிறது. அதை அடைக்கக் கொத்தனார். அவர் வந்து, "இந்தச் செவுத்துல சிமென்ட் புடிக்காதுங்களே" என்று தலையைச் சொறிகிறார். சொறிவதற்கும் அரைநாள் கூலி உண்டு.

இனி மின்சாரம். மரப்பட்டிமேல் ஓடும் ஒயர், பீங்கான் ஃப்யூஸ், தொட்டால் லேசாகக் கிள்ளும் சுவிட்ச். எர்த் என்ற ஒன்று அந்த வீட்டுக்கு அறிமுகமே ஆகவில்லை. ஆக, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், எம்சிபி, வாசலில் குழி வெட்டி உப்பும் கரியும் கொட்டி எர்த். அதற்குப் பிறகு இ.பி.யில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பம், அதற்கொரு கட்டணம், டெபாசிட். ஏசி வாங்கக் கிளம்பிய மனிதர் இப்போது ஏசியைத் தவிர எல்லாவற்றுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் இந்த வீடு வெயிலுக்காகவே கட்டப்பட்டது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குறுக்குவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை இட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். பன்னிரண்டடி உயரம். சூடான காற்று மேலே போய் வெளியேற வெண்டிலேட்டர். நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. திண்ணையை ரோடு தின்றுவிட்டது. பக்கத்து மனையில் எழும்பிய நாலு மாடி, காற்று வரும் திசையை மறித்துக்கொண்டது. முற்றத்தின் மேல் நாமே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, வீட்டை அவியவிட்டோம். எஞ்சியிருந்த உயரமும் இப்போது குற்றமாகிவிட்டது: "ஹைட் ஜாஸ்தி சார், ஒரு டன் பத்தாது, ஒன்றரை டன் போடுங்க, இல்ல ஃபால்ஸ் சீலிங் அடிங்க." வெண்டிலேட்டரில் தெர்மாகோல் வெட்டி ஒட்டச் சொல்கிறான் பையன். 2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட அமைச்சரைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் அணைக்குச் செய்ததை இன்று சென்னை தன் வீட்டுக்குச் செய்கிறது. அவருடையது காற்றில் கரை ஒதுங்கியது. நம்முடையது பசை டேப்பில் நிற்கிறது. முன்னேற்றம்தான்.

வாடகைக்காரர் நிலைமை இன்னும் சுவாரசியம். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். "ஏசியா?" என்று அவர் கேட்கும் தொனியில், அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஏறும் சத்தம் கேட்கும். சுவரில் ஓட்டை போட்டதற்குக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார். புது ஒயரிங்கையும் எர்த்தையும் அவருக்கே சீர்வரிசையாக விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த ஒயரிங்கைக் காட்டி "ஏசி பாயின்ட் உண்டு" என்று அடுத்தவரிடம் கூடுதல் வாடகை கேட்பார். சப்-மீட்டர் வைத்திருந்தால் யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை; அதை ஒழுங்குபடுத்தும் ஆணையம் அவருடைய நாக்கு.

சொந்த மீட்டர் என்றாலும் தப்ப முடியாது. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம், 60 நாள்: 480 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. ஃபிரிட்ஜும் ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து 500ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கொடுத்த சலுகையைப் பின்னால் போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். கொடுத்த சோற்றைத் தொண்டையில் கைவிட்டு எடுப்பது போல.

இதற்கிடையே அரசாங்கங்கள் என்ன செய்கின்றன? ஆலோசனை சொல்கின்றன. 2020 முதல், ஏசி பெட்டியைவிட்டு வரும்போதே 24 டிகிரியில் வைத்து அனுப்பச் சொன்னார்கள். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசியை 20க்குக் கீழேயும் 28க்கு மேலேயும் வைக்க முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தார். ரொம்ப நல்லது. 28க்கு மேல் போகக் கூடாது என்பதை எங்கள் ஹாலுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை. ஏசி என்னதான் இரைந்தாலும் மே மாதத்தில் அது கேட்பதாக இல்லை. தலைமை அலுவலகங்களில் கோட்டு போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களுக்கு 24. மொட்டைமாடிக்குக் கீழே குழந்தையை ஈரத்துணியில் சுற்றுகிறவளுக்கும் 24. என்ன ஒரு சமத்துவம்.

ஏசி 2025 செப்டம்பர் 21 வரை பான் மசாலாவோடும் சொகுசுக் காரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து 28 சதவீத வரி கட்டியது. இப்போது 18. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெயிலில் செத்தால் பேரிடர். அரசு பணம் தரும். சாகாமல் இருக்க ஒரு பெட்டி வாங்கினால் வியாபாரம். அரசுக்கு நீங்கள் பணம் தர வேண்டும். பேரிடர் என்று கையெழுத்துப் போட்டவர்கள், பழைய வீட்டின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவோ பழைய ஒயரிங்கை மாற்றவோ ஒரு மானியம் தரலாமே என்று கேட்டால், அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்பார்கள். 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்ப மட்டும் எல்லாத் தலைப்பும் இருந்தது. ஊரின் ஈரத்தை விற்றவர்கள் யாருக்கும் பில் வரவில்லை. பில் வந்தது திருவல்லிக்கேணிக்கு.

போதாக்குறைக்கு, நம் வெளி யூனிட் ஊதும் அனல் நேராகப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போகிறது. அந்த அம்மா இரண்டு கோடை பொறுத்தார். மூன்றாவது கோடையில் தவணையில் அவரும் ஏசி வாங்கிவிட்டார். விற்பனைப் பிரதிநிதி வைக்காமலே கம்பெனிக்கு வியாபாரம்.

இனி அந்தப் பையன். இரண்டாம் மாடி சன்ஷேடில் நிற்கிறான். கம்பி துருத்தி, சிமென்ட் செதில் செதிலாக உதிரும் சன்ஷேட். இடுப்பில் பெல்ட் இல்லை. கூட வந்தவன் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் யூனிட்டைத் தூக்கி வைத்து, வெயிலில் நட்டை முறுக்குகிறான். அவனுக்குச் சம்பளம் கிடையாது, மாட்டும் ஏசிக்கு இவ்வளவு என்று கூலி. விளம்பரத்தில் இருந்த இலவசம் இவன் முதுகிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அதனால்தான் காப்பர் மீட்டரில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான், சொல்லட்டும். அந்த வெயிலில் அவன் சுருண்டு செத்தால் பேரிடர், 4 லட்சம். கால் வழுக்கி விழுந்து செத்தால் கவனக்குறைவு.

கீழே இறங்கி, முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை நீட்டுகிறான்: "ஓடிபி சொல்லுங்க சார். ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க, கொறைஞ்சா எனக்குத்தான் அடி."