பேப்பர் சார்

பேப்பர் சாருக்கு உலகத்தில் நடக்கிற எதுவும் செய்தி கிடையாது; எல்லாம் எடுத்துக்காட்டு வாக்கியம். எங்கேயாவது ஆட்சி கவிழ்ந்தால் யார் போனார், யார் வந்தார் என்று நாம் பார்ப்போம். அவர், என்ன வினைச்சொல் போட்டிருக்கிறான் என்று பார்ப்பார். தேர்தல் முடிவு வந்த மறுநாள் “யாரு சார் ஜெயிச்சது?” என்று கேட்டுப் பாருங்கள்.

“லேண்ட்ஸ்லைடு!”

“அது சரி சார், யாரு?”

“அத விடு தம்பி. எதிர்க்கட்சி ‘டிரவுன்ஸ்டு’ன்னு போட்டிருக்கான் பாரு. என்னா அழகு!”

டெபாசிட் இழந்தவர் காதில் இது விழாதவரை நல்லது.

இவர் பெயர் எதற்கு? உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். கடலூரை ஒட்டிய எங்கள் திருவந்திபுரத்துப் பதிப்புக்கு அடையாளம்: மடித்த ஆங்கில இந்து, அட்டை கிழிந்து டேப் ஒட்டிய லிப்கோ அகராதி, ஒரு லாங் சைஸ் நோட்டு. ஊரும் தோதான ஊர்தான். ஔஷதகிரியின் மேல் கல்விக் கடவுள் ஹயக்ரீவர். வேதாந்த தேசிகரே இந்த மலையில் தவமிருந்துதான் அவரைத் தரிசித்தார் என்பது ஐதீகம். பரீட்சைக் காலத்தில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் பிள்ளைகள் படியேறுவார்கள். இறங்கி வந்தால் டீக்கடை பெஞ்சில் பேப்பர் சார். மேலே அருள், கீழே வொக்காபுலரி.

படிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி எம்.ஏ. ஆங்கிலம். வெள்ளைக்காரனே மெச்சிய ஆங்கிலப் பேச்சாளர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராக இருந்தார். அதை இவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், சாஸ்திரியார் சிதம்பரத்திலிருந்து நேரே இவர் வீட்டுக்குத்தான் பாடத்தைத் தபாலில் போட்டார் என்று தோன்றும்.

“இந்துவ ஆரம்பிச்ச ஆறு பேர்ல ரெண்டு பேரு வாத்தியாருங்க, தெரியுமா?” என்பார். உண்மைதான். முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இளக்காரமாக எழுதின. அந்தக் கோபத்தில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து, கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அவர்கள் வெள்ளைக்காரனுக்கு அவன் மொழியிலேயே பதில் கொடுத்தார்கள். பேப்பர் சார் அதே மொழியில் டீக்கடைக்காரருக்குப் பதில் கொடுக்கிறார். 2013-ல் அந்த நிறுவனம் தமிழிலும் நாளிதழ் தொடங்கியபோது, கட்சி மாறிய எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நோட்டில் மூன்று பத்திகள்: சொல், பொருள், பேப்பரில் வந்த வாக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் பிய்த்துப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இவர் வீட்டு ஓடும் பறந்தது. ஊரே கரண்டையும் குடிதண்ணீரையும் தேடி அலைய, இவர் தேடியது பேப்பர் போடும் பையனை. ஒருவழியாகப் பேப்பர் வந்ததும், விழுந்து கிடந்த தென்னை மரத்தின்மேல் உட்கார்ந்து படித்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார்: “டெவஸ்டேட்டடுன்னே ரெண்டு தடவை போட்டிருக்கான். ஒரு எடத்துல ராவேஜ்டுன்னு மாத்தியிருக்கலாம்.”

சசி தரூர் வந்தபிறகுதான் இவருக்குப் பொற்காலம். 2017 மே மாதம் அவர் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்று ஒன்றைப் போட்டு நாட்டையே அகராதி புரட்ட வைத்தார். மறு ஆண்டு தம் புத்தகத்தை அறிவிக்க 29 எழுத்துச் சொல் ஒன்றை இறக்கினார். ‘ஃப்ளாக்ஸி’ என்று ஆரம்பிக்கும். முழுதும் எழுத இந்தப் பக்கத்தில் இடம் கொடுக்க மாட்டார்கள். பேப்பர் சார் அதை நெட்டுருப் போட்டு, தேவநாத சுவாமி கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் அட்சதையோடு சேர்த்துப் போட்டுவிட்டார். ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கும். நல்லவேளை, சம்பந்தி வீட்டார் அதை சமஸ்கிருதம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருமுறை மனு எழுதினார். இரண்டு பக்கம். நான்காம் நாள் லைன்மேன் அதே மனுவோடு வாசலில் வந்து நின்றார்: “கோச்சுக்காதீங்க சார். லைட்டு எரியுதுங்கிறீங்களா, எரியலங்கிறீங்களா?” அவரிடம் சார் சொன்ன பதில் எனக்குக் கேட்டது, புரியவில்லை. விளக்கைச் சரிசெய்ய வைத்தது அவர் வீட்டம்மாள், ஒரே வரித் தமிழில்.

இப்போது தலையங்கச் சொற்களை யூடியூபிலேயே தினமும் நடத்துகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பஸ்ஸில் நின்றபடியே கேட்கிறார்கள். சாருக்கு அதில் மரியாதை இல்லை. அவர் கட்சிதான் என் கட்சியும். பட்டியலாக உருப்போட்ட சொல் பரீட்சை ஹாலோடு சரி. நடந்த ஒரு சம்பவத்தோடு படித்தது லேசில் போகாது. தானே புயலை வைத்து அவர் சொல்லிக்கொடுத்ததை இந்த ஊர்ப் பையன்கள் மறக்கவில்லை.

ஆகவே வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் தாராளமாக இவரிடம் அனுப்புங்கள். உட்காரும்போதே “கடலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்” என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் மட்டும் அனுப்ப வேண்டாம். அன்றைக்குக் கல்யாணக் கூட்டத்தில் பஸ்ஸும் நகராது, சாரும் விடமாட்டார்.