கோடரி இல்லாமல் வெட்டிய சோலை

நீலகிரிச் சோலைக்காட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே, கோடரி தொடாமல் அழித்தவன் நான். ஆதாரம் என் ஆய்வேட்டின் முதல் வரைவில் இருக்கிறது.

சதுப்பின் கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, மிஞ்சும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுவதுதான் வேலை. அடுக்குக்கு 300 துகள் என்று வைத்துக்கொண்டேன். நாவல் இனத்துக்கு முக்கோண முகம், பார்த்ததும் தெரியும். புல் மகரந்தமோ உருண்டையாக, ஒற்றைத் துளையோடு இருக்கும். எந்தப் புல் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. விரல் எண்ணும் கருவியைத் தட்டும், மனம் கேன்டீன் போண்டாவைச் சுற்றும்.

மேலடுக்குகளில் மரங்களின் பங்கு 33 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியிருந்தது. போதாதா? மேய்ச்சல், வறட்சி, மனிதப் பேராசை என்று பக்கம் பக்கமாக உருகினேன். புல் ஏற ஏற மரம் இறங்குகிறது என்று ஒட்டுறவுக் கெழுவுக்கு மூன்று நட்சத்திரம் வேறு.

வழிகாட்டி மேடம் படித்துவிட்டு ஒரு துண்டுத்தாளை இழுத்தார். “மண்ணுல மரத்தோட துகள் 100, புல் 200. மரத்தைத் தொடாதே. புல்லை மட்டும் 400 ஆக்கு. இப்போ 300 எண்ணினா அதுல மரம் எத்தனைப்பா?”

அறுபது. அதாவது 20 சதவீதம். சதுப்பின் மேலேயே புல் செழித்தால் போதும், என் காடு காலி. மொத்தத்தை 300 என்று பூட்டிவிட்டால் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கித்தானே ஆக வேண்டும்! பொது வகுத்தி கொண்ட விகிதங்களில் இப்படிப் பொய் உறவு முளைக்கும் என்று கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்துவிட்டார். நான் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜான் அய்ச்சிசன் 1982-இல் காட்டிய வழி, பங்குகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையிலான விகிதத்தின் மடக்கையைப் பார்ப்பது. அந்த 100 மரத் துகள்களில் நாவல் இனம் 60, மற்றவை 40 என்றால், புல் பெருகிய பிறகு எண்ணிக்கையில் 36, 24 வரும். இரண்டிலும் விகிதம் ஒன்றரை. புல்லால் அதை அசைக்க முடியவில்லை.

உற்சாகமாக மடக்கைக்கு மாறினேன். பல அடுக்குகளில் ரோடோடெண்ட்ரான் மரத்தின் துகள் பூஜ்யம். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. பூஜ்யத்துக்குப் பதிலாக ஊரோடு ஒத்து 0.5 போட்டேன். வரைபடம் சப்பென்று இருந்தது. 0.01 போட்டேன். கோடு பாதாளத்தில் விழுந்து, ரோடோடெண்ட்ரானின் மறைவே நீலகிரி வரலாற்றின் தலையாய சம்பவமாகிவிட்டது. நூற்றில் ஒன்றாக இருக்கும் துகள்கூட 300 எண்ணிக்கையில் ஒருமுறையும் தட்டுப்படாமல் போக ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு உண்டு என்பதை அந்தக் கோட்டிடம் யார் சொல்வது? எண்ணிக்கையின் இந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டிரிஷ்லே மாதிரியை ஜேம்ஸ் மோசிமன் 1962-இல் மகரந்தத் தரவை வைத்தே விளக்கியிருக்கிறார். சமன்பாடுகளைப் பார்த்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது.

கடைசியில் மேடம் ஒரு டப்பா மாத்திரையை நீட்டினார். எனக்கல்ல, மண்ணுக்கு. ஒவ்வொன்றிலும் லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துகள் தெரிந்த அளவில் இருக்கும். மண்ணோடு கலந்துவிட்டு, அவற்றில் எத்தனை கண்ணில் படுகின்றன என்று பார்த்தால், மண்ணில் மரத் துகள்கள் உண்மையில் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். ஸ்டாக்மார் 1971-இல் பரப்பிய முறை. போட்டேன், பழுதில்லாமல் எண்ணினேன். எண்ணியதை அப்படியே மொத்தத்திலும் சேர்த்துவிட்டேன். லைக்கோபோடியம் திடீரெனப் பெருகியதால் அக்காலத்தில் மலையில் மழை கூடியிருக்க வேண்டும் என்று ஒரு பத்தியும் எழுதிக் கொடுத்தேன்.

மேடம் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “மழை மாத்திரைக்குள்ளேயா பெய்தது?”