டியூக்கின் பீரும் ராஜாவின் கல்யாணமும்

ஜெர்மனியின் பவேரியா பகுதி பீர் பாட்டில்களின் லேபிளைப் பாருங்கள். பலவற்றில் 1516 என்று பெருமையாகப் போட்டிருக்கும். அந்த வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி இங்கோல்ஸ்டாட் நகரில், டியூக் நான்காம் வில்ஹெல்ம் தன் தம்பி பத்தாம் லுட்விக்கையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆணை போட்டார். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஆஹா, குடிமக்களின் குடல்மேல் என்ன அக்கறை என்று உருகிவிடாதீர்கள். ஆணையைத் திறந்தால் முதலில் வருவது ரேட் கார்டு! குளிர்காலத்தில் ஒரு 'மாஸ்' அளவு பீர் ஒரு பென்னிக் காசு, கோடையில் இரண்டு. 'தூய்மைச் சட்டம்' என்ற பட்டமெல்லாம் 1918-ல்தான் கிடைத்தது. நானூறு வருஷம் அந்தப் பட்டமில்லாமலே காலம் தள்ளியிருக்கிறது பாவம்.

சரி, ஈஸ்ட் எங்கே? அது இல்லாமல் பீரே கிடையாதே! அது ஓர் உயிர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? போன தடவை காய்ச்சியதன் அடிவண்டலை எடுத்து, தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி அடுத்த தொட்டியில் விட்டார்கள். ஆக, உலகப் புகழ்பெற்ற பீர் சட்டத்தை முதல் நாளிலிருந்தே எல்லாரும் மீறினார்கள், டியூக்கின் ஆட்கள் உட்பட.

கோதுமை விஷயம் இன்னும் ஜோர். பார்லி மட்டும் என்றால் கோதுமை பீர் அவுட். ரொட்டிக்குக் கோதுமை வேண்டுமே, நியாயம்தான். ஆனால் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் அதைக் காய்ச்ச ஸ்பெஷல் பர்மிஷன்! 1602-ல் அந்த வம்சம் வாரிசில்லாமல் அற்றுப்போனது. அடுத்த நிமிஷம் டியூக் மாக்ஸிமிலியன் உள்ளே நுழைந்தார். கோதுமை பீர் இனி அரசாங்கத்துக்கே சொந்தம். சொந்தமாக ப்ரூவரிகள் கட்டினார், கஜானா நிரம்பி வழிந்தது. ஆம், நம்ம டாஸ்மாக்கை அந்த மனுஷர் நானூறு வருஷம் முன்னாலேயே யோசித்துவிட்டார். தூய்மை? அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சாமியார்களை விட்டுவிட முடியுமா? தவக்காலத்தில் சோறு கூடாது, திரவம் கூடும். மூனிக்கின் பவுலானர் துறவிகள் கஞ்சியைப் போல ஸ்ட்ராங்கான ஒரு பீரைக் காய்ச்சினார்கள். 'இது பாவமா?' என்று போப்பிடம் கேட்க ஒரு பீப்பாய் ரோமுக்குப் போனதாகவும், ஆல்ப்ஸ் தாண்டி வெயிலில் குலுங்கிப் புளித்துப்போனதை ஒரு வாய் குடித்த போப், 'இதைக் குடிப்பதே தவம்தான்' என்று அனுமதித்ததாகவும் கதை. நிஜமோ பொய்யோ, இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த ஏஜென்சி எழுதும்?

மூனிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வைஹென்ஸ்டீஃபன், 1040-ல் தொடங்கிய உலகின் மிகப் பழைய ப்ரூவரி என்று மார்தட்டுகிறது. ஆதாரம் ஒரு சாசனம். அது பிற்காலத்தில் தயாரித்த போலி என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். பீர் அசல், பர்த் சர்டிபிகேட் டூப்ளிகேட்!

கடைசியாக நம் ஹீரோ, பவேரிய ராஜா முதலாம் லுட்விக். 1810-ல் இளவரசராக இருந்தபோது தெரேசாவை மணந்தார். கொண்டாட்டத்தின் உச்சம் ஒரு குதிரைப் பந்தயம். அதுதான் இன்றைய அக்டோபர்ஃபெஸ்ட். குதிரைகள் போய்விட்டன, பீர் தங்கிவிட்டது. திருவிழா இப்போதெல்லாம் செப்டம்பரிலேயே ஆரம்பிக்கிறது, குளிருக்குப் பயந்து.

ராஜாவானதும் கிரேக்கப் பாணிக் கட்டடங்கள், கவிதைகள், அழகிகளின் ஓவியங்களுக்கென்றே ஒரு கேலரி என்று அமர்க்களப்படுத்தினார். ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1844 மே மாதம் பீர் விலை ஏறியது. அவ்வளவுதான், கூட்டம் ப்ரூவரிகளை நொறுக்கியது. பட்டாளமோ அடக்குவதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. அவர்களும் அதே பீரைத்தானே குடிக்கிறார்கள்! ராஜா விலையைக் குறைத்தார், ஊர் அடங்கியது.

பாடம் கற்றாரா? 1846-ல் ஸ்பானிய நடனக்காரி என்று சொல்லிக்கொண்டு லோலா மோன்டெஸ் மூனிக் வந்து இறங்கினார். அறுபது வயதில் ராஜாவுக்குக் காதல். அம்மணிக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார். ஊர் கொதித்தது. இந்தத் தடவை அவரால் இறங்கிவர முடியவில்லை. 1848-ல் சிம்மாசனத்திலிருந்துதான் இறங்கினார். அம்மணி அயர்லாந்துக்காரி என்பது தனிக்கதை.