காலுக்கு ஒரு கசாயம்

ஏல பேராண்டி, காலு ஊறவைக்கப் பொட்டலம் வாங்கியாந்திருக்கியாமே? ஆச்சி கொண்டாந்து காட்டினா. விலைச்சீட்டைப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிப் பாத்தேன். எழுநூத்தம்பது ரூவாதான், மாறலை. பிரிச்சு மோந்தேன். காஞ்ச வேப்பிலை, வெட்டிவேர்த் தூசி, ஒரு கை உப்பு, வாடின ரோசா இதழு நாலு. மேல பொதிகைமலை படம் வேற. அந்த மலையை நம்ம சேரன்மாதேவி மச்சுல ஏறி நின்னாக் காசில்லாமப் பாக்கலாம்ல. வேப்பமரம் வாசல்லயே நிக்குது. அதுக்கு நீ பொறந்ததுலேர்ந்து ஒரு செம்புத் தண்ணி ஊத்தினது கெடையாது.

சரி, வாங்கினது வாங்கிட்டே. காலு எதுக்குல வலிக்குதுன்னு கேட்டா, "வேலை ஜாஸ்தி தாத்தா"ங்க. என்ன வேலை? காலையில சென்னை சோழிங்கநல்லூர்ல சுத்துற நாற்காலியில ஏறினா, ராத்திரிதான் எறங்குதே. கார் நெல்லுக்கு ஒருதரம், பிசான நெல்லுக்கு ஒருதரம்னு வருசத்துக்கு ரெண்டு தடவை முழங்கால் சேத்துல தொழி மிதிச்ச காலு என்னோடது. அது வலிச்சா ஒரு ஞாயம் இருக்கு. உன் காலு நடந்து வலிக்கலை, நடக்காம வலிக்குது. கெண்டைக்கால் சதை அசைஞ்சாத்தான் கீழ எறங்கின ரத்தத்தை மேல தள்ளும். நீ ரெண்டு காலையும் தொங்கப்போட்டு நாள் பூரா உக்காந்திருந்தா நீரு பாதத்துலயே தேங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும்.

செருப்புன்னதும் ஞாபகம் வருது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் கூட்டிட்டுப் போனேனே, அங்க பட்டவராயன் சன்னதியில செருப்பாக் கட்டித் தொங்கவிட்டிருப்பாவளே, பாத்தியா? பிராமணக் குலத்துல பொறந்து, செருப்புத் தைக்கிற வீட்டு அக்கா தங்கச்சி பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு, தானும் செருப்புத் தைச்சு, மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போயி உயிரை விட்ட முத்துப்பட்டன்தான் அந்தச் சாமி. நேந்து கட்டின செருப்பை அடுத்த வருசம் வந்து பாத்தா அடி தேஞ்சிருக்கும்பாவ. சாமி ராத்திரியில போட்டுக்கிட்டுக் காட்டைச் சுத்துதாராம். செத்துச் சாமியானவரு செருப்பே தேயுதுல. உசுரோட இருக்கவன் உன் செருப்பு, வாங்கின அன்னைக்கு இருந்த கணக்காவே இருக்கு!

இப்ப உப்புக்கு வாறேன். பொட்டலத்துல 'எப்சம் உப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அது மக்னீசியம் சல்பேட்டுல. எப்சம்ங்கது இங்கிலாந்துல ஒரு ஊரு. 1618-ல அங்க ஒரு சம்சாரி, வறட்சிக் காலத்துல மாட்டைப் பத்திட்டுப் போயி ஒரு குட்டையில தண்ணி காட்டினதாக் கதை உண்டு. தாகத்துல தவிச்ச மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதாம், அம்புட்டுக் கசப்பு. மாடு வேண்டாம்னதை மனுசன் குடிச்சுப் பாத்து, வயித்தைக் கழுவி விடுதுன்னு கண்டுக்கிட்டு, பொறவு சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கிட்டு அந்த ஊருக்கு ஓடினாவளாம். அதைத்தான் நீ காலுக்குப் போடுதே. அந்த மக்னீசியம் தோலு வழியா உள்ள போயி வலியை எடுக்கும்ங்கதுக்கு இன்னைக்கு வரைக்கும் உறுதியான சாட்சி இல்லை. அப்படியே வேணும்னாலும் நமக்குக் கிழக்க தூத்துக்குடி இருக்கு. உப்பளத்துல உப்பை வாரினபொறவு பாத்தியில மிஞ்சுத கசப்புத் தண்ணியிலயும் மக்னீசியந்தான் கெடக்கு. கழுவிச் சுத்தம் பண்ணாத கல்லுப்புல அது கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். மழைக்காலத்துல ஆச்சியோட உப்பு ஜாடி கசியுதே, அதனாலதான்.

இலைக்கு எங்கேயும் அலைய வேண்டாம். கன்னடியன் கால்வாய்க் கரையில நொச்சி மண்டிக் கெடக்கு. ஆடு கடிக்காதுன்னு அந்தக் காலத்துல வேலிக்கு வச்சது. நெல்லுக் குதிருக்குள்ள நாலு கொப்பு ஒடிச்சுப் போட்டா வண்டு அண்டாது. தலைபாரம்னா அதையே தலைகாணியில அடைச்சுப் படுப்போம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு நொச்சி வெந்நீரு. சித்திரை, வைகாசிக் காந்தலுக்கு வெந்நீரே வேண்டாம், ராத்திரி மண்பானைத் தண்ணியில வெட்டிவேரைப் போட்டுவச்சு மறுநாள் அதுல காலை வை. மூட்டு வீங்கினா புளியிலையை வேகவச்சு ஒத்தடம். நடுவை நட்ட பொம்பளையாளுக சேத்துப்புண்ணுக்கு மருதாணியும் மஞ்சளும் அரைச்சு விரலிடுக்குல அப்பிக்கிட்டுப் படுப்பாவ. அவங்க யாரும் அதுக்கு 'ஸ்பா'ன்னு பேரு வச்சதில்லை. ஒத்தடம், வேது, பற்று, தொக்கணம்னு சித்த வைத்தியத்துல புற மருந்து மட்டும் 32 வகை. பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரி 1964-லேர்ந்து இதைத்தான் படிச்சுக் குடுக்கு. சந்தேகம்னா அங்க போயிக் கேளு, பொட்டலத்து முதுகுல எழுதினதை வேதம்னு நம்பாத.

செய்முறையைக் காதுல வாங்கு. நாலு லிட்டர் தண்ணியில ரெண்டு கை நொச்சியிலை, ஒரு கை வேப்பங்கொழுந்து, தட்டின விரலி மஞ்சள் ஒரு துண்டு. கொதிச்சதும் இறக்கிப் பத்து நிமிசம் மூடிவை. மூடலேன்னா வாசம் பூரா பக்கத்து வீட்டுக்குப் போயிரும், அவன் காசு குடுக்காம அனுபவிப்பான். சருவச்சட்டியில வடிச்சு ஊத்தி, ஒரு கை கல்லுப்புப் போட்டு, கரண்டைக்கால் முங்குத மட்டுக்குப் பச்சைத்தண்ணி விளாவு. முழங்கையை விட்டுப் பாரு, முழங்கை பொறுத்தாக் காலும் பொறுக்கும். தெர்மாமீட்டர் வச்சிருக்கவன் 38 டிகிரிக்கும் 40-க்கும் நடுவுல நிறுத்திக்கிடட்டும். கால் மணி நேரம், மிஞ்சிப்போனா இருபது நிமிசம். பத்தமடைக்காரங்க கோரையை நாள்கணக்கா ஊறப்போடுதாவ, அது ஊறினாப் பாயாகும். நீ ஊறினாத் தோலு வெளுத்துச் சுருங்கி, குதிகால் வெடிப்புத்தான் கூடும்.

பொறவு விரலிடுக்கு விடாமத் துடை. ஈரம் நின்னா அங்கனதான் புண்ணு தொடங்கும். துடைக்க உன் பொஞ்சாதியோட வெள்ளைத் துண்டை எடுத்துராத. மஞ்சள் கறை போகாது, அவ கோவமும் போகாது. குதிகாலுக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய். அந்த இருபது நிமிசமும் செல்போனு ஆச்சி கையில இருக்கட்டும். சட்டிக்குள்ள விழுந்தா அதுக்கும் சேத்து மூலிகைக்குளியல் ஆயிரும்.

இதுல நெசமா வேலை செய்யுதது எதுன்னு கேளு. உங்க அத்தை மவ டாக்டருக்குப் படிச்சவ, அவ சொன்னா. வெதுவெதுப்புல பாதத்து ரத்தக்குழாய் விரியும், உடம்புச் சூடு அது வழியா வெளிய போகும், உள்சூடு எறங்கினா ஒறக்கம் வரும். சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துக்காரங்க 1999-லயே 'நேச்சர்' பத்திரிகையில எழுதியிருக்காவளாம், கையும் காலும் கதகதன்னு இருக்கவனுக்கு வெரசாத் தூக்கம் பிடிக்கும்னு. ஆக முக்காவாசிப் பெருமை வெந்நீருக்கு. மிச்சத்துல பாதி, சும்மா உக்காந்திருக்கதுக்கு. நொச்சிக்கு வாசத்துக்கான கூலி.

கேலி போதும், இதைக் கவனமாக் கேளு. உங்க அப்பனுக்குச் சக்கரை இருக்கு. நீ செய்யுதது பத்தாதுன்னு அவனையும் பக்கத்துல உக்கார வச்சு வெந்நீருல காலை விடச் சொல்லாத. சக்கரைக்காரனுக்குப் பாதம் மரத்திருக்கும், சூடு தெரியாது, வெந்து கொப்புளம் கண்டபொறவுதான் தெரியும். அந்தப் புண்ணு லேசுல ஆறாது, காலையே கொண்டுபோயிரும். ஆறாத புண்ணு உள்ளவங்க, கால்நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கவங்க, இவங்கெல்லாம் வைத்தியரைக் கேக்காமச் சட்டிப் பக்கமே வரப்படாது.

முன்னயெல்லாம் சட்டியே எதுக்குன்னு கேட்டிருப்பேன். பாவநாசம் படித்துறையில காலை விட்டா மீனு வந்து மொய்க்கும், செத்த தோலைக் கடிச்சு எடுத்துரும். அதையே சென்னையில கண்ணாடித் தொட்டியில துருக்கி நாட்டு மீனை விட்டுக் காசு வாங்குதான். நம்ம மீனு பொரிக்கே சம்மதிக்கும். ஆனா இப்ப பரிகாரம்னு வாறவங்க உடுத்தின துணியை ஆத்துலயே அவுத்து விட்டுட்டுப் போறாவ. பாவம் போச்சோ இல்லையோ, வேட்டி நம்ம காலைச் சுத்துது. திருநெல்வேலி ஊருக்குள்ள சாக்கடையும் சேந்துக்கிடுது. பித்தவெடிப்போட அந்தத் தண்ணியில காலை வைன்னு எந்த வாயால சொல்லுவேன்? சட்டியிலயே வை.

கடைசியா ஒண்ணு. காலை எடுத்ததும் அந்தத் தண்ணியைக் கொல்லையில ஆச்சியோட வாழைமூட்டுல ஊத்திட்டு நல்லபிள்ளை கணக்கா வந்து நிக்காத. உப்புத்தண்ணி வாழைக்கு ஆகாது, இலை ஓரம் கருகிரும். சாக்கடையில ஊத்து. இலைச் சக்கையை மட்டும் உப்புப் போடுததுக்கு முன்னாலயே வடிச்சு எடுத்துவை, அது எருக்குழிக்கு ஆகும்.